நாம் இருவர், நமக்குச் சிரிப்பு வருதே! - பழைய அரசு போஸ்டர்களும் மக்கள் அடித்த கமென்ட்டும்

‘நாம் இருவர், நமக்கு இருவர்.’

இதைப் படித்த உடனே உங்கள் மனசுக்குள் இன்னொரு வரி தானாக ஓடியிருக்குமே... ‘நாமே குழந்தை, நமக்கேன் குழந்தை?’

முதல் வரி அரசாங்கம் எழுதியது. கமிட்டி போட்டு, ஃபைல் நகர்த்தி, பட்ஜெட் ஒதுக்கி, ஆஸ்பத்திரி சுவரிலிருந்து லாரியின் பின்பக்கம் வரை எழுதிய வாசகம். இரண்டாவது வரிக்கு கமிட்டியும் கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது. அது ஊரே சேர்ந்து எழுதியது. ஆனாலும் அரசு வாசகம் போன இடமெல்லாம் அதுவும் கூடவே போனது.

பழைய அரசு போஸ்டர்களைத் தேடி எடுத்து சோஷியல் மீடியாவில் போட்டுக் கலாய்ப்பது இப்போது ஒரு தனி பொழுதுபோக்கு. ‘தனியா கார் ஓட்டினா ஹிட்லர்கூட போறீங்கன்னு அர்த்தம்’ என்று அமெரிக்க அரசு நிஜமாகவே ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறது. பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால், இந்தக் கலாய்ப்பு புதுசு இல்லை. போஸ்டர் ஒட்டிய பசை காய்வதற்கு முன்பே, அந்தக் காலத்து மக்களும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் காது கொடுத்துக் கேட்ட அரசாங்கங்களும் உண்டு, வாயை மூடு என்று சொன்ன அரசாங்கங்களும் உண்டு. இரண்டுக்கும் என்ன ஆனது என்று பார்த்தால், விஷயம் வெறும் காமெடி இல்லை என்று புரியும்.

‘நமக்கு’ என்றால் யாருக்கு?

1939. இரண்டாம் உலகப்போர் ஆரம்பம். மக்கள் பயந்துவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் தகவல் அமைச்சகம் மூன்று போஸ்டர்களைத் தயார் செய்தது. சிவப்பு, பச்சை என்று ஒரே கலர் பின்னணி, மேலே அரசரின் கிரீடம், கீழே பெரிய வெள்ளை எழுத்து. அவ்வளவுதான் டிசைன்.

அதில் முதல் போஸ்டரின் வாசகம் இது: ‘உங்கள் துணிச்சல், உங்கள் உற்சாகம், உங்கள் மன உறுதி நமக்கு வெற்றி தேடித் தரும்.’

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால், பார்த்த மக்கள் வேறு மாதிரி படித்தார்கள். ‘உங்கள்’ என்று மூன்று முறை வருகிறது. அந்த ‘உங்கள்’ நாம்தான், சரி. கடைசியில் வெற்றி யாருக்கு என்கிறார்கள்? ‘கஷ்டப்படுறது நாங்க, ஜெயிக்கிறது நீங்களா?’ என்பதுதான் சாதாரண ஜனங்களின் எதிர்வினை. சாமானியர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று குறிப்பெடுக்கவே 1937-ல் தொடங்கப்பட்ட ‘மாஸ் அப்சர்வேஷன்’ என்கிற அமைப்பும், இந்த போஸ்டர் மக்களிடம் எடுபடவில்லை என்பதைப் பதிவு செய்தது.

இங்கே தமிழில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. இங்கிலீஷில் ‘அஸ்’ என்று ஒரே சொல். தமிழில் அப்படி மழுப்பவே முடியாது. எதிரில் நிற்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நமக்கு’. அவரை விட்டுவிட்டுச் சொன்னால் ‘எங்களுக்கு’. அரசாங்கம் ‘நமக்கு’ என்று நினைத்து எழுதியது. மக்கள் காதில் ‘எங்களுக்கு’ என்று விழுந்தது. மொத்த பிரச்னையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது.

அந்த வரிசையின் மூன்றாவது போஸ்டர்தான் இப்போது உலகம் முழுக்க டீ கப்பிலும் டி-ஷர்ட்டிலும் இருக்கிற ‘கீப் காம் அண்ட் கேரி ஆன்’. அதாவது, ‘பதறாம வேலையைப் பாருங்க.’ சுமார் 25 லட்சம் பிரதிகள் அச்சடித்தார்கள். ஆனால், பெரிய குண்டுவீச்சோ படையெடுப்போ நடந்தால் ஒட்டலாம் என்று குடோனில் வைத்துவிட்டார்கள். முதல் போஸ்டருக்குக் கிடைத்த வரவேற்பு அப்படி இருந்ததால், இதை வெளியே எடுக்கவும் தயக்கம். கடைசியில் 1940-ல் பேப்பர் தட்டுப்பாடு வந்தபோது பெரும்பாலானவற்றைக் கூழாக்கிவிட்டார்கள். போர்க்காலத்தில் அதைச் சுவரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

2000-ல் வடக்கு இங்கிலாந்தின் ஆல்ன்விக் என்கிற ஊரில் பழைய ரயில் நிலையம் ஒன்றில் நடக்கும் ‘பார்ட்டர் புக்ஸ்’ என்ற பழைய புத்தகக் கடையில், ஏலத்தில் எடுத்த புத்தகப் பெட்டியின் அடியில் ஒரு பிரதி கிடைத்தது. கடைக்காரர்கள் ஃப்ரேம் போட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லாம் ‘இதை விலைக்குத் தருவீங்களா?’ என்று கேட்க ஆரம்பிக்க, நகல் அச்சடித்து விற்றார்கள். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ‘பதறாம டீ குடிங்க’, ‘பதறாம கிரிக்கெட் பாருங்க’ என்று ஆரம்பித்து, கிரீடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து ‘இப்போ நல்லா பதறுங்க’ என்பது வரை ஆயிரம் வெர்ஷன்கள் வந்துவிட்டன.

யோசித்துப் பாருங்கள். நிஜமாகவே குண்டு விழுந்த காலத்தில் வெளியே எடுக்கப்படாத வாசகம், ஈ.எம்.ஐ-யும் ஆபீஸ் டெட்லைனும் துரத்துகிற காலத்தில்தான் ஹிட் ஆனது. போஸ்டர் மாறவில்லை. ஆனால், அதைச் சொல்ல இப்போது மேலே ஓர் அரசாங்கம் இல்லை. ‘பதறாதே’ என்று அதிகாரி சொன்னால் எரிச்சல் வரும். நமக்கு நாமே சொல்லிக்கொண்டால் காமெடி.

ஓட்டவாய் அம்மணியும் சுவருக்குள் ஹிட்லரும்

போர்க்காலத்தில் அரசாங்கத்துக்கு இன்னொரு தலைவலி, மக்களின் வாய். கப்பல் எப்போது கிளம்புகிறது, எந்தப் படை எங்கே போகிறது என்று பஸ்ஸிலும் ஹோட்டலிலும் பேசினால் எதிரியின் காதுக்குப் போய்விடும். ‘வெளியே பேசாதீங்க’ என்று சொல்ல வேண்டும். இதே ஒரே செய்தியை பிரிட்டன் 1940-ல் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தது. ஒன்று சூப்பர் ஹிட், இன்னொன்று அட்டர் ஃப்ளாப்.

ஹிட் கொடுத்தவர் சிரில் கென்னத் பேர்ட். ‘ஃபூகாஸ்’ என்ற புனைபெயரில் ‘பஞ்ச்’ நகைச்சுவைப் பத்திரிகையில் கார்ட்டூன் போட்டவர். முதல் உலகப்போரில் கலிப்போலியில் படுகாயம் அடைந்த ராணுவப் பொறியாளர். ஃபூகாஸ் என்பது வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம் என்கிற ரகக் கண்ணிவெடியின் பெயர். தன் ஜோக்குகளும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டார்.

அவர் சம்பளம் வாங்காமல் வரைந்து கொடுத்த ‘அஜாக்கிரதைப் பேச்சு உயிரைக் குடிக்கும்’ வரிசையைப் பார்த்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். பஸ்ஸில் இரண்டு பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள், பின்சீட்டில் ஹிட்லரும் கோரிங்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொன்றில் வீட்டுச் சுவரின் வால்பேப்பர் முழுக்க ஹிட்லர் முகம். நாலு கோடு, நிறைய வெள்ளை இடம், ஒரு குட்டி ஜோக். பயமுறுத்தலே இல்லை.

அவர் பின்னாளில் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தார். அரசு போஸ்டர் மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று, நோட்டீஸ் என்றாலே படிக்கப் பிடிக்காத மனசு. இரண்டு, படித்தாலும் ‘இது எனக்கில்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்கு’ என்று நினைக்கும் மனசு. மூன்று, எனக்குத்தான் என்று புரிந்தாலும் அடுத்த தெருவுக்குள் மறந்துவிடும் மனசு. மூன்றையும் ஒரே அடியில் தாண்டுவதற்கு அவர் கண்டுபிடித்த வழி, சிரிப்பு. நம் ஊரில் ஹெல்மெட் விழிப்புணர்வு போஸ்டர் வடிவமைக்கும் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம் இது.

இப்போது ஃப்ளாப் கதை. அதே ஆண்டு ஜூலையில் அதே அமைச்சகம் ‘சைலன்ட் காலம்’ என்று ஒரு பிரசாரம் ஆரம்பித்தது. அதாவது, ‘மௌனப் படை’. வதந்தி பேசுகிறவர்களுக்கு எல்லாம் பட்டப்பெயர் வைத்தார்கள். ‘மிஸ் லீக்கி மவுத்’ என்று ஒருத்தி, நம் பாஷையில் ஓட்டவாய் அம்மணி. எப்போதும் மூக்கால் அழுகிற ‘மிஸ்டர் கிளம்பாட்’ என்று ஒருவர். இப்படிப்பட்டவர்கள் உங்கள் பக்கத்தில் பேசினால் வாயை அடையுங்கள் என்பது கட்டளை. அதோடு நிற்கவில்லை. சோர்வூட்டும் விதமாகப் பேசினார்கள் என்று சாதாரண ஜனங்கள் மீது வழக்குகளும் பாய்ந்தன.

மக்கள் கடுப்பானார்கள். ‘சுதந்திரத்துக்காகப் போர்னு சொல்லிட்டு, டீ குடிக்கும்போது பேசினா கேஸா?’ என்று பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. மக்கள் மனநிலையை வீடு வீடாகக் கேட்டு ஆராய்ந்த அரசு ஊழியர்களையும் விடவில்லை. தகவல் அமைச்சர் டஃப் கூப்பர் பெயரை வைத்து ‘கூப்பரின் ஒட்டுக்கேட்பு ஆட்கள்’ என்று ரைமிங்கில் பட்டப்பெயர் வைத்தார்கள். அமைச்சகம் மக்களுக்குப் பட்டப்பெயர் வைத்தது, மக்கள் அமைச்சகத்துக்கு வைத்துவிட்டார்கள். கணக்கு நேர்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஆரம்பித்த அந்த மாதமே பிரதமர் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து, இந்தப் பிரசாரத்தைக் கைவிடுகிறோம் என்கிற பொருளில் அறிவித்துவிட்டார். நாட்டின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் மக்கள் சிரிக்கிறார்கள் என்றால் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று ஓர் அரசாங்கம் புரிந்துகொண்டது.

சிரிப்பு யாரை வைத்து?

எல்லா ஜோக்கும் எல்லோருக்கும் ஜோக் இல்லை. அதே பிரசாரத்தில் ‘அப்பா மாதிரி இருங்க, கீப் மம்’ என்று ஒரு போஸ்டர் வந்தது. ‘கீப் மம்’ என்றால் வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அம்மாவை வைத்துக் காப்பாற்று என்றும் அர்த்தம் வரும். ஆண்களுக்கு நல்ல சிலேடை. ஆனால், தொழிற்சாலையிலும் ஆம்புலன்ஸிலும் ராத்திரி பகலாக வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு? எடித் சம்மர்ஸ்கில் என்கிற பெண் எம்.பி., இந்த வாசகம் பெண்களை அவமதிக்கிறது என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். டாக்டருக்குப் படித்து, சொந்தக் காலில் நின்ற ஒருவரிடம் ‘அப்பா அம்மாவைக் காப்பாத்துறார்’ என்றால் சும்மா விடுவாரா?

இன்னொரு கூத்தும் நடந்தது. 1941-ல் ஏப்ரம் கேம்ஸ் என்கிற ஓவியர், ராணுவத்தின் பெண்கள் பிரிவுக்கு ஆள் சேர்க்க ஒரு போஸ்டர் வரைந்தார். பொன்னிறக் கூந்தல், லிப்ஸ்டிக் உதடு, சாய்ந்த தொப்பி. சினிமா ஸ்டார் மாதிரி இருக்கிறதே என்று கண்டனம் கிளம்பி, போஸ்டரை வாபஸ் வாங்க வைத்துவிட்டார்கள். பத்திரிகைகள் அதற்கு ‘பிளாண்ட் பாம்ஷெல்’ என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கின. வாபஸ் வாங்கியதால் அந்த போஸ்டர் மறைந்து போகவில்லை. போர்க்கால போஸ்டர்கள் பற்றிய எந்தக் கண்காட்சியிலும் இப்போது அதற்குத்தான் முதல் மரியாதை.

காரில் ஹிட்லருக்கு லிஃப்ட்

இப்போது அந்த ஹிட்லர் கார் போஸ்டருக்கு வருவோம். 1943, வரைந்தவர் வைமர் பர்செல். கோட்டு, தொப்பியோடு ஒரு மனிதர் ஜாலியாகக் கார் ஓட்டுகிறார். பக்கத்து சீட்டில் ஆவி மாதிரி வெறும் கோட்டுருவமாக ஹிட்லர். ‘தனியாகப் போனால் ஹிட்லரோடு போகிறீர்கள்! இன்றே கார் ஷேரிங் கிளப்பில் சேருங்கள்!’

இன்றைக்கு இது பக்கா மீம் மெட்டீரியல். ‘ஹிட்லர் பெட்ரோலுக்குப் பங்கு தருவாரா?’, ‘நாலு பேர் போனா ஹிட்லர் டிக்கியிலயா உட்காருவார்?’ என்று கேட்கத் தோன்றும். அமெரிக்க காமெடியன் பில் மாஹர், 2002-ல் ஹிட்லர் இருந்த இடத்தில் பின்லேடன் பெயரைப் போட்டு ஒரு புத்தகத்துக்கே தலைப்பாக வைத்துவிட்டார்.

ஆனால், இந்த போஸ்டரின் காரணம் தெரிந்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். அமெரிக்காவுக்கு அப்போது பெரிய பிரச்னை பெட்ரோல் இல்லை, டயர். உலகத்தின் ரப்பரில் பெரும்பகுதி தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1942-ல் மலாயாவையும் டச்சு இந்தியத் தீவுகளையும் ஜப்பான் பிடித்ததும் அந்த வரத்து நின்றுபோனது. வண்டி ஓடினால் டயர் தேயும். தேய்ந்தால் புதுசுக்கு வழியில்லை. அதனால்தான் 1942 டிசம்பரில் நாடு முழுக்க பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது, மணிக்கு 35 மைல் என்று வேகக் கட்டுப்பாடும் வந்தது.

அந்த மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பான்மையினர் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிய தமிழர்கள். ஜப்பான் வந்த பிறகு, அவர்களில் பல்லாயிரக்கணக்கானவர்கள் சயாம் - பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் காட்டுக்குள் செத்துப்போனவர்களுக்குக் கணக்குகூடச் சரியாக இல்லை. ‘மரண ரயில்’ என்று இன்றும் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் அந்தக் கதை சொல்லப்படுகிறது. அமெரிக்கச் சாலையில் ஒருவரின் பக்கத்து சீட்டில் ஹிட்லர் வந்து உட்கார்ந்ததற்கும், தஞ்சாவூர்க்காரர் ஒருவர் பர்மா காட்டில் தண்டவாளம் சுமந்ததற்கும் ஒரே காரணம்தான். பழைய போஸ்டர் நமக்கு இவ்வளவு சிரிப்பாக இருப்பதற்குப் பாதிக் காரணம், அதை ஒட்ட வைத்த பயம் நம் கண்ணில் படுவதில்லை என்பதுதான்.

சிவப்பு முக்கோணம் வந்த கதை

இனி நம் வீட்டுக்கு வருவோம். குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாகவே ஆரம்பித்த முதல் நாடு இந்தியா, 1952-ல். ஆனால், எப்படிச் சொல்வது? படுக்கையறை விஷயத்தைப் பொதுச் சுவரில் எழுத வேண்டும். அதுவும், 1961 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 28 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்த நாட்டில்.

அப்போது குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையில் அதிகாரியாக இருந்த ‘தீப்’ தியாகி கொண்டுவந்ததுதான் தலைகீழ் சிவப்பு முக்கோணம். கூடவே அப்பா, அம்மா, பையன், பொண்ணு என்று நாலு சிரித்த முகங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும், யாரும் கூச்சப்படத் தேவையில்லை, ஒரே ஒரு கலர் பெயின்ட் போதும். இவர் நினைவாகத்தான் ‘டி.கே.டி இன்டர்நேஷனல்’ என்று இன்றைக்கும் பல நாடுகளில் கருத்தடைச் சாதனங்கள் விற்கும் அமைப்புக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலில் ‘இரண்டு அல்லது மூன்று போதும்’ என்றார்கள். அப்புறம் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’. பிறகு அது ‘நமக்கு ஒருவர்’ ஆனது. வாசகம் குறையக் குறைய, அடுத்த கட்டம் என்னவாக இருக்கும் என்று மக்கள் கணக்குப் போட்டதில் பிறந்ததுதான் அந்த ‘நாமே குழந்தை’ ஜோக்.

பிரிட்டிஷ் போஸ்டர் சறுக்கிய இடத்தில் தமிழ் வாசகம் ஜெயித்தது எப்படி என்று கவனியுங்கள். ‘நீங்கள் இருவர், உங்களுக்கு இருவர்’ என்று எழுதியிருந்தால் அது கலெக்டர் போடும் உத்தரவு. ‘நாங்கள் இருவர்’ என்றால் அது புருஷனும் பெண்டாட்டியும் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம். ‘நாம் இருவர்’ என்னும்போது அது ஒருவர் இன்னொருவரிடம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவது போல இருக்கிறது. அரசாங்கமே அந்த அறையில் இல்லை. அதனால்தான் அதைக் கலாய்த்தவர்களும் அதே ‘நாம்’ விட்டு வெளியே போகாமல் செல்லமாகவே கலாய்த்தார்கள்.

அரசு ஆணுறைக்குப் பெயர் வைத்த கதையும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டியது. மன்மதனை நினைத்து முதலில் யோசித்த பெயர் ‘காமராஜ்’. ஆனால், அன்றைக்கு காங்கிரஸ் கட்சியின் அகில இந்தியத் தலைவர் யார்? நம் கு.காமராஜரேதான். அதுவும் கல்யாணமே செய்துகொள்ளாதவர். நல்லவேளையாக யாரோ சுதாரித்தார்கள். பெயர் ‘நிரோத்’ ஆனது. 1968-ல் மூன்று 15 பைசா என்று சந்தைக்கு வந்தது. டீத்தூளும் சோப்பும் விற்கிற பெரிய கம்பெனிகளின் வேன்களிலேயே ஊர் ஊராகப் போனது.

‘சின்னக் குடும்பமா? ஐயோ பாவம்!’

போஸ்டரில் இருக்கும் குடும்பத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். சின்னக் குடும்பம் என்றால் இஸ்திரி போட்ட சட்டை, சிரிப்பு. பெரிய குடும்பம் என்றால் கிழிந்த துணி, அழுகை. ‘குழந்தை குறைந்தால் வசதி வரும்’ என்பது செய்தி. ஆனால், வயலை நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். கை அதிகம் இருந்தால்தான் கூலி மிச்சம். பிள்ளைகள் சாகாமல் பிழைக்கும் என்பதற்கும் அன்றைக்கு உத்தரவாதம் இல்லை. வயசான காலத்துக்குப் பென்ஷன் என்றால் மகன்தான்.

பஞ்சாபின் கன்னா வட்டாரத்தில் 1950-களில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கருத்தடை மாத்திரைகளை வீடு வீடாகக் கொடுத்தார்கள். மக்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பக்கம் போய் விசாரித்த மஹ்மூத் மம்தானி, 1972-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு காட்சியைச் சொல்கிறார். ஒரு வீட்டில் அந்த மாத்திரை டப்பாக்களை எல்லாம் அடுக்கி அழகாக ஒரு சிற்பம் மாதிரி செய்து வைத்திருந்தார்களாம். ‘இவ்வளவு தூரம் வந்து கொடுக்கிறாங்க, வேண்டாம்னு சொன்னா மனசு கஷ்டப்படாதா?’ என்கிற நல்லெண்ணம்தான். அதே ஊரில் இன்னொருவர், ‘நிறைய பிள்ளை பெத்தா ஏழையாயிடுவேன்னு சொன்னீங்க, இப்போ பாருங்க, பிள்ளைங்க சம்பாதிச்சுப் போடுறாங்க, நான் உட்கார்ந்து சாப்பிடுறேன்’ என்கிற மாதிரி நக்கலடித்திருக்கிறார்.

இதைப் ‘படிக்காத ஜனங்க’ என்று சொல்லிச் சிரிக்கலாம். ஆனால், அந்த ஆள் சொன்னதில் ஒரு தகவல் இருந்தது. என் பிழைப்பை மாற்றாமல் என் குடும்பத்தை மாற்றச் சொல்லாதே என்பதுதான் அது. தமிழ்நாடும் கேரளாவும் பிற்பாடு நிரூபித்ததும் இதைத்தான். பெண்கள் படித்தார்கள், தடுப்பூசி வந்தது, பிறந்த குழந்தை பிழைத்தது, பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. குழந்தைகளின் எண்ணிக்கை தானாகக் குறைந்தது. முக்கோணம் வழியைக் காட்டியது, சரி. நடக்கத் தெம்பு கொடுத்தது இதெல்லாம்.

சிரிப்பை நிறுத்திய வருஷம்

1975 ஜூனில் எமர்ஜென்சி. இந்தியாவின் புகழ்பெற்ற கார்ட்டூன் பத்திரிகை ‘சங்கர்ஸ் வீக்லி’ இரண்டே மாதத்தில் மூடப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. டீக்கடையில்கூட அக்கம்பக்கம் பார்த்துப் பேச வேண்டிய நிலைமை. இந்த மௌனத்துக்கு நடுவில்தான் குடும்பக் கட்டுப்பாடு வேகம் எடுத்தது. ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று டார்கெட். வட மாநிலங்களில் பல இடங்களில் போலீஸை வைத்து ஆட்களைப் பிடித்து வந்து ஆபரேஷன் செய்தார்கள்.

1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. அதில் 60 லட்சத்துக்கும் மேல் ஆண்கள். சுவரில் அதே முக்கோணம், அதே நாலு சிரித்த முகம். ஆனால், ‘நாம் இருவர்’ என்பது ஒரே ராத்திரியில் ‘நீங்க வாங்க, ஜீப்பில் ஏறுங்க’ என்று மாறிவிட்டது.

பிரிட்டனில் மக்கள் சிரித்தபோது பிரதமர் காதில் விழுந்தது, பிரசாரம் நின்றது. இங்கே சிரிக்கவும் எழுதவும் வழியை அடைத்ததால், கோபம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டெல்லிக்குத் தெரியவே இல்லை. 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. உத்தரப்பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரே பரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். அடுத்து வந்த ஜனதா அரசு செய்த வேலைகளில் ஒன்று, துறையின் பெயரை ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்பதிலிருந்து ‘குடும்ப நலம்’ என்று மாற்றியது.

பெயர் மாறியது. ஆனால், போன நம்பிக்கை திரும்பவில்லை. பயந்து ஓடிய ஆண்கள் ஓடியவர்கள்தான். அவர்கள் விட்டுப்போன பாரம் யார் தலையில் விழுந்தது? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவிகிதம், ஆண்களுக்கான ஆபரேஷன் 0.3 சதவிகிதம். இத்தனைக்கும் ஆண்களுக்கான ஆபரேஷன்தான் சின்னது, சுலபமானது. போஸ்டரில் ‘நாம் இருவர்’. ஆபரேஷன் தியேட்டரில் ஒருவர் மட்டும். அதிலும் அவரேதான்.

இப்போ... ‘நமக்கு எத்தனை?’

கதையின் கடைசி திருப்பம் நம் ஊரில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. எமர்ஜென்சி நடந்த அதே 1976-ல் வந்த 42-வது அரசியல் சட்டத் திருத்தம், மாநிலங்களின் எம்.பி எண்ணிக்கையை 1971 மக்கள்தொகையின் அடிப்படையில் உறைய வைத்தது. சுவரில் எழுதியதைக் கேட்டுக் குழந்தைகளைக் குறைத்த மாநிலம் அதனாலேயே எம்.பி-க்களை இழக்கக் கூடாது என்பதுதான் அதற்குச் சொன்ன நியாயம். 2001-ல் இந்த ஏற்பாடு 2026-க்குப் பிறகு வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2020 கணக்கின்படி 1.4. முக்கோணம் சொன்னதைவிட நாம் ஒரு படி மேலேயே போய்விட்டோம். அதற்குப் பரிசாக 39 தொகுதிகளில் கை வைப்பார்களோ என்ற பயம். 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் முதல்வராகப் பேசிய மு.க.ஸ்டாலின், ‘பதினாறும் பெற்று’ என்கிற வாழ்த்தை எடுத்து, நிஜமாகவே 16 பிள்ளைகள் பெற வேண்டுமோ என்று தோன்றும் நிலைமை வந்துவிட்டது என்றார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், முன்பெல்லாம் நிதானமாகப் பெற்றுக்கொள்ளச் சொல்வோம், இனி அப்படிச் சொல்ல முடியாது, உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்கிற பொருளில் பேசினார்.

உடனே என்ன நடந்தது? ‘எல்.கே.ஜி ஃபீஸ் யார் கட்டுறது?’, ‘ரெண்டு பெட்ரூம் வாடகை தெரியுமா?’, ‘மெட்டர்னிட்டி லீவ் கேட்டா மேனேஜர் முகத்தைப் பார்க்கணும்’ என்று கமென்ட்டுகள் குவிந்தன. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால், கன்னா வட்டாரத்து ஆள் அன்றைக்குச் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. திசைதான் மாறியிருக்கிறது. ‘குறை’ என்றபோது அவர் தன் பிழைப்பைக் காட்டினார். ‘கூட்டு’ என்கிறபோது இவர்கள் தங்கள் பே-ஸ்லிப்பைக் காட்டுகிறார்கள்.

கிராமப்புற ஆஸ்பத்திரிச் சுவர்களில் அந்தச் சிவப்பு முக்கோணத்தை இன்றைக்கும் பார்க்கலாம். வெயிலில் வெளுத்து, மேலே கோச்சிங் சென்டர் நோட்டீஸ் ஒட்டி, நாலு முகத்தில் இரண்டு உரிந்துபோயிருக்கும். அடுத்து அந்த இடத்தில் என்ன வாசகம் எழுதினாலும், மக்கள் அதற்கு ஒரு இரண்டாவது வரி எழுதத்தான் போகிறார்கள். எழுதுகிற அதிகாரிகளுக்கு ஒரு சின்ன வேண்டுகோள்: சுவருக்கு பெயின்ட் அடித்து முடித்ததும் உடனே ஜீப்பில் ஏறிவிடாதீர்கள். எதிர் டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள்.